இருபது பாகைச் சாய்வில் பத்தாண்டு: மேகா டிராபிக்ஸ்

மேகா டிராபிக்ஸ் என்ற இந்திய-பிரெஞ்சு வானிலைச் செயற்கைக்கோளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் கருவிகளிலிருந்து தொடங்குவார்கள். பாதையிலிருந்து தொடங்குவதுதான் சரி என்பேன். அதிலிருந்த கருவிகளுக்கு ஏறக்குறைய இணையானவை வேறு செயற்கைக்கோள்களிலும் பறந்திருக்கின்றன. 867 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு வெறும் 20 பாகை சாய்ந்த வட்டப்பாதையில் நின்று மழையையும் நீராவியையும் அளந்ததுதான் அதன் தனித்தன்மை. அதன் முக்கியக் கருவி பதினைந்து மாதத்தில் படுத்துவிட்ட பிறகும் மீதி எட்டு ஆண்டுகள் உருப்படியாக ஓடியதற்குக் காரணமும் அந்தப் பாதைதான்.

வானிலைச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை இரண்டு வகை. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தை விடாமல் பார்க்கும் புவிநிலைக் கோள்கள் ஒரு வகை. அவை மேகத்தின் தலையைத்தான் பார்க்கும். தலை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று சொல்லும், உள்ளே மழை இருக்கிறதா என்பதை ஊகிக்கத்தான் முடியும். இன்னொரு வகை துருவத்தின் வழியே சுற்றுபவை. இவற்றின் நுண்ணலைக் கருவிகள் மேகத்துக்குள்ளே பார்க்கும், ஆனால் வெப்பமண்டலத்துக்கு அடிக்கடி வருவதில்லை. 1,700 கி.மீ. அகலத்துக்குப் பார்க்கும் ஒரு துருவக் கோள் பூமத்திய ரேகையில் உள்ள ஓர் இடத்துக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒன்றேகால் தடவைதான் வரும். நம் பக்கத்து இடிமழையோ மாலை மூன்று மணிக்குத் திரண்டு ஏழு மணிக்குள் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடுகிறது.

அதே 1,700 கி.மீ. அகலத்தை 20 பாகைச் சாய்வில் வைத்தால் கணக்கு மாறுகிறது. ஒரு சுற்றுக்கு 102 நிமிடம், நாளுக்கு ஏறக்குறைய 14 சுற்று. கோள் பூமத்திய ரேகையை நெட்டுக்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டிப் போவதால், ஒவ்வொரு வெட்டிலும் ரேகையின் நெடுகே கிட்டத்தட்ட 5,000 கி.மீ. அதன் பார்வைக்குள் வருகிறது. பூமத்திய ரேகையில் ஓர் இடத்துக்கு நாளுக்கு மூன்றரைத் தடவை. அதிகபட்ச வருகை ரேகையில் இல்லை. வடக்கிலும் தெற்கிலும் 12, 13 பாகைக்கு அருகில், அதாவது சென்னையும் பெங்களூரும் இருக்கும் பட்டையில், ஐந்தாறு தடவை. கோள் வடக்கே 20 பாகையை எட்டித் திரும்பும்போது அங்கே நெடுநேரம் கிழக்கு நோக்கியே ஓடுவதுதான் இதற்குக் காரணம். 25 பாகையைத் தாண்டினால் வருகை மளமளவென்று குறைந்து, 28 பாகைக்கு மேல் அறவே நின்றுவிடும். தில்லிக்கு இந்தக் கோளால் பெரிய பயன் கிடையாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, தரவைப் பயன்படுத்தியவர்கள் பலர் இதில் இடறியிருக்கிறார்கள். நாளுக்கு ஐந்தாறு தடவை என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று அர்த்தமில்லை. ஐந்தாறும் அடுத்தடுத்த சுற்றுகளில், 102 நிமிட இடைவெளியில், ஒரு கொத்தாக வரும். பிறகு பதினைந்து மணி நேரம் போல ஒன்றும் வராது. அந்தக் கொத்து எந்த நேரத்தில் விழும் என்பதும் நிலையல்ல. பூமியின் நடுப்பகுதிப் புடைப்பு இந்தப் பாதையை நாளுக்கு 6 பாகை மேற்கே திருகுகிறது. சூரியனோடு ஒப்பிட்டால் 7 பாகை. அதனால் ஒரே இடத்தைக் கடக்கும் உள்ளூர் நேரம் தினமும் அரைமணிக்குச் சற்றுக் குறைவாக முன்கூட்டியே வந்து, 51 நாளில் முழு வட்டம் அடிக்கிறது. பகல் இரவு முழுவதும் மழை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் மாதச் சராசரி எடுப்பவர் கவனமாக இருக்க வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகே ஏறுமுக (வடக்கு நோக்கிய), இறங்குமுக (தெற்கு நோக்கிய) கடப்புகள் இரண்டும் சேர்ந்து 25, 26 நாளில் 24 மணி நேரத்தையும் தொட்டுவிடும். 18 பாகையில் அந்த இரண்டு கடப்பும் ஒன்றாகிவிடுவதால் 51 நாளும் வேண்டும். முப்பது நாள் சராசரியை அப்படியே எடுத்தால் ஒரு மாதம் மாலை மழை தூக்கலாகவும் அடுத்த மாதம் விடியல் வானம் தூக்கலாகவும் தெரியும். அதைப் பருவமாற்றம் என்று நினைத்துவிடக் கூடாது.

ஸ்ரீஹரிகோட்டாவின் அகலாங்கு 13.7 பாகை என்பதால் 20 பாகைப் பாதை அதற்குக் கைக்கெட்டும் தூரம். துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. இலங்கையைச் சுற்றிக்கொண்டு வளைந்து போய் எரிபொருளை இழக்க வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. 2011 அக்டோபர் 12 காலை 11 மணிக்கு பி.எஸ்.எல்.வி. சி-18, பக்கவாட்டு மோட்டார்கள் இல்லாத வெற்று வடிவத்திலேயே, சுமார் 1,000 கிலோ எடையுள்ள இந்தக் கோளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கூடவே மூன்று சிறிய கோள்கள்: கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஜுக்னு, சென்னையை அடுத்த எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் எஸ்.ஆர்.எம்.சாட், லக்சம்பர்க்கின் வெசல்சாட்-1. இஸ்ரோவும் பிரான்சின் விண்வெளி அமைப்பான சி.என்.இ.எஸ்.சும் சேர்ந்து செய்த திட்டம் என்பது பெயரிலேயே இருக்கிறது. முதல் பாதி சமஸ்கிருத மேகம், பின்பாதி பிரெஞ்சு வெப்பமண்டலம்.

கருவிகளில் மூத்தது மெட்ராஸ். நீளமான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து வந்தது இது. நகரம் 1996இல் கைவிட்ட பெயர் விண்வெளிக்குப் போனது. 18.7, 23.8, 36.5, 89, 157 கிகாஹெர்ட்ஸ் என்று ஐந்து அலைவெண்கள். 23.8 தவிர மற்றவற்றில் செங்குத்து, கிடைத்தளம் என்று இரண்டு முனைவாக்கம் (அலை அதிரும் திசை), ஆக மொத்தம் ஒன்பது சேனல். இது ரேடார் அல்ல, எதையும் அனுப்புவதில்லை. தரையும் கடலும் காற்றும் இயல்பாக உமிழும் நுண்ணலையை வாங்கி, கெல்வின் கணக்கில் ஒளிர்வு வெப்பநிலையாகச் சொல்லும்.

கடலின் மேல் இது சுலபமான வேலை. சாய்வாகப் பார்க்கும்போது, கிடைத்தள முனைவாக்கத்தில், 18.7 கிகாஹெர்ட்ஸில் கடல் தன் வெப்பத்தில் பாதிக்கும் குறைவாகவே உமிழும். கருவிக்குக் கடல் குளிர்ந்த கறுப்புத் திரை மாதிரி. அதன் மேல் மழைத்துளிகள் வெதுவெதுப்பாகப் பளிச்சென்று தெரியும். நிலத்தின் மேல் இந்த உத்தி பலிக்காது. நிலம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் உமிழ்வதால் வெதுவெதுப்பான துளி வெதுவெதுப்பான திரையில் மறைந்துவிடும். அங்கே 89, 157 கிகாஹெர்ட்ஸைத்தான் நம்ப வேண்டும். மேகத்தின் மேற்பகுதியிலுள்ள பனித்துகள்கள் கீழிருந்து வரும் கதிரைச் சிதறடிப்பதால் அந்த இடம் குளிர்ந்து தெரியும். ஆக, நிலத்தில் நாம் அளப்பது மழையை அல்ல, மழைக்கு மேலே இருக்கும் பனியை. மேற்குத் தொடர்ச்சி மலையில் காற்று ஏறிப் பொழியும் தென்மேற்குப் பருவமழையில் பல நேரம் மேகம் அவ்வளவு உயரம் போவதில்லை, பனியும் குறைவு. கொட்டு கொட்டென்று கொட்டும்போது செயற்கைக்கோள் தூறல் என்று சொல்வது இதனால்தான். நாட்டில் எந்த நுண்ணலைக் கருவியின் மழைக் கணக்கைப் பார்த்தாலும் மலபார்க் கரையில் இந்தப் பற்றாக்குறையை எதிர்பார்க்கலாம்.

கரையோரம் இன்னொரு தொல்லை. கீழ் அலைவெண்களில் மெட்ராஸின் ஒரு பிக்சல் 40 கி.மீ., 89இல் 10, 157இல் 6. கடல் பிக்சலின் ஓரத்தில் கொஞ்சம் நிலம் நுழைந்தாலும் வெப்பம் ஏறி, மழை பெய்கிற மாதிரி காட்டும். பாக் நீரிணை போன்ற ஒடுங்கிய கடலில் 40 கி.மீ. பிக்சலில் சுத்தமான கடல் கிடைப்பதே அரிது. மாறாக, தண்ணீர் கட்டிய வயலும் பெருக்கெடுத்த ஆறும் நிலத்தைக் குளிர்ச்சியாகக் காட்டி, பனிச் சிதறல் என்று ஏமாற்றும். கரைக்கோட்டிலிருந்து ஒரு பிக்சல் அகலத்தைக் கழித்துவிட்டுப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

மெட்ராஸ் கூம்பு வடிவில் ஸ்கேன் செய்தது. தரையை எப்போதும் 53.5 பாகைக் கோணத்தில் பார்த்தபடி ஆன்டெனாவும் வாங்கிகளும் சேர்ந்து நிமிடத்துக்கு 24 சுற்றுக்குச் சற்று மேல் சுழலும். ஒரு சுற்று முடிவதற்குள் கோள் தரையில் 16 கி.மீ. போல முன்னேறிவிடும். ஆகவே 40 கி.மீ. பிக்சல்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து வரும். 6 கி.மீ. பிக்சல்களுக்கு நடுவே பாராத இடைவெளி விழும். கோணம் மாறாததால் முனைவாக்க வித்தியாசத்தை நம்பிக் கணக்குப் போடலாம் என்பது இந்த அமைப்பின் பெரிய வசதி. சுழலும் பக்கத்துக்கு மின்சாரமும், அங்கிருந்து தரவும், சுழலாத உடலோடு தொடர்பு அறாமல் போய்வர வேண்டும் என்பதும், தாங்கிகள் வெற்றிடத்தில் ஆண்டுக்கு ஒன்றேகால் கோடி சுற்றுக்கு மேல் தேயாமல் ஓட வேண்டும் என்பதும் அதற்கான விலை.

முதலில் வந்தது தரவுக் கலப்பு: சில ஸ்கேன்களில் ஒரு சேனலின் எண்கள் இன்னொரு சேனலில் ஏறி வந்தன. எண் தப்பு என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. 250 கெல்வின் எந்தச் சேனலிலும் நியாயமான மதிப்புதான். இயற்பியலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். திறந்த கடலில், 53 பாகையில், செங்குத்து முனைவாக்கம் கிடைத்தளத்தைவிடக் குறைவாக வரவே கூடாது. வந்தால் அந்த ஸ்கேன் வரியைச் சந்தேகப்பட வேண்டும். திருத்த வழிமுறைகள் எழுதித் தரவை மறுபடி பதப்படுத்தினார்கள். பிறகு சுழல் இயங்கமைவிலேயே கோளாறு. 2013 ஜனவரி 26உடன் மெட்ராஸின் பயனுள்ள தரவு முடிந்தது. செப்டம்பரில் இரு நாட்டு அமைப்புகளும் அதை அறிவித்தன. தானே, நீலம் ஆகிய இரண்டு புயல்களும் தமிழகக் கரையைக் கடந்தது அந்தப் பதினைந்து மாதத்துக்குள்தான் என்பதால், நம் புயல் ஆய்வாளர்களுக்கு மெட்ராஸின் குறுகிய தொகுப்பு இன்னும் கைவசம் வைத்திருக்க வேண்டிய ஒன்று.

இத்தோடு திட்டம் முடிந்தது என்று நினைத்திருந்தால் அது நியாயமான ஊகமே. அப்படி ஆகாமல் காத்தது சாபிர், பிரான்ஸ் கொடுத்த ஈரப்பதமானி. இதிலும் சுழற்சி உண்டு, ஆனால் சுழலும் பாகம் சிறியது. கோளின் ஓட்டத்துக்குக் குறுக்கே இடமிருந்து வலமாகப் பார்க்கும். நேர்கீழே 10 கி.மீ. பிக்சல், ஓரத்தில் 22 கி.மீ. வரை நீண்டுவிடும். நீராவி 183.31 கிகாஹெர்ட்ஸில் நுண்ணலையை வலுவாக உறிஞ்சும். அந்தக் கோட்டின் இருபுறமும் 0.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து 11 கிகாஹெர்ட்ஸ் வரை தள்ளித் தள்ளி ஆறு சேனல்கள். கோட்டை ஒட்டிய சேனல் உயரத்திலுள்ள நீராவியைத் தாண்டிக் கீழே பார்க்காது. விலக விலகப் பார்வை கீழே இறங்கும். ஆறையும் சேர்த்து, காற்றழுத்தக் கணக்கில் 1,000 முதல் 100 ஹெக்டோபாஸ்கல் வரை, அதாவது தரையருகிலிருந்து மேலே, ஆறு அடுக்குகளில் ஒப்பு ஈரப்பதம் எடுக்கலாம். அக்காலத்து மற்ற நுண்ணலை ஈரப்பதமானிகள் பலவற்றில் இந்தக் கோட்டைச் சுற்றி மூன்று சேனல்தான்.

புதிதாகப் பார்ப்பவரைக் குழப்பும் ஒன்று: சாபிர் படத்தில் குளிர்ந்த இடம்தான் ஈரமான இடம். காற்றில் நீராவி கூடினால் கதிர் கிளம்பும் அடுக்கு மேலே ஏறும், மேலே குளிர் அதிகம், ஆகவே ஒளிர்வு வெப்பநிலை இறங்கும். வறண்ட காற்றில் பார்வை கீழே வெப்பமான அடுக்குக்குப் போய்விடும். மிக வறண்டால், கோட்டிலிருந்து மிகவும் விலகிய விளிம்புச் சேனல் தரையையே பார்த்துவிடும். குளிர்கால சகாராவிலும் ஆண்டீஸ் பீடபூமியிலும் ஆறாவது சேனலை ஈரப்பதமாக வாசிப்பது பிழை.

இன்னொரு கட்டாயச் சோதனை மேகம். தெளிந்த வானில் கோட்டின் மையத்திலிருந்து விலக விலகச் சேனல்கள் வெப்பமாகிக்கொண்டே போகும். உயர்ந்த இடிமேகத்தின் பனி குறுக்கே வந்தால் கீழே பார்க்கும் சேனல்கள்தான் அதிகமாக அடிபட்டு, வரிசை தலைகீழாகும். இந்த வரிசை மாற்றத்தைப் பார்த்து அந்தப் பிக்சலை ஈரப்பதக் கணக்கிலிருந்து தள்ளிவிட வேண்டும். தள்ளியதைக் குப்பையில் போட வேண்டியதில்லை. அதே அறிகுறிதான் மழை இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. மெட்ராஸ் போன பிறகு மழைக் கணக்கில் சாபிர் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான். புவிநிலைக் கோள்களின் அகச்சிவப்புப் படங்களையும் நுண்ணலைத் தரவையும் சேர்த்து, ஒரு பாகைக் கட்டத்துக்கு ஒரு நாள் மழையைத் தரும் டேப்பீர் முறை சாபிரையும் சேர்த்துக்கொண்டது. உலகளாவிய மழை அளவீட்டுக் கூட்டணியான ஜி.பி.எம்.மிலும் சாபிர் உறுப்பாக இருந்தது.

சாபிரை நிலத்தில் சரிபார்க்க மாலத்தீவின் கன் தீவிலும் புர்கினா ஃபாசோவின் வாகடூகுவிலும் பலூன் ரேடியோசாண்டுகள், அதாவது பலூனில் கட்டி அனுப்பும் ஈரப்பத உணரிகள், பறக்கவிடப்பட்டன. பலூன் அளந்த ஈரப்பதத்தைக் கொண்டு கணினியில் உருவாக்கிய ஒளிர்வு வெப்பநிலையும் சாபிர் அளந்ததும் ஒத்துப்போகவில்லை. மைய சேனலில் வித்தியாசம் சிறிது, விளிம்பை நோக்கிப் போகப் போக வளர்ந்தது. கணக்கு எப்போதும் வெப்பமான பக்கம். கருவியின் குறை என்று முடித்துவிடலாம்தான். ஆனால் 183 கிகாஹெர்ட்ஸில் பார்க்கும் மற்றக் கோள்களிலும் இதே சாய்வு தெரிந்தது. பலூன் உணரி வெயிலில் காய்ந்து ஈரத்தைக் குறைத்துக் காட்டுவது, மெல்லிய மேகம் சல்லடையில் தப்புவது, நீராவிக் கோட்டின் வடிவம் பற்றிய ஆய்வக எண்களே துல்லியமற்றிருப்பது என்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. வானிலை மாதிரியில் இந்தத் தரவை ஏற்றுபவர்கள் காரணம் தெளியும்வரை காத்திருப்பதில்லை. சேனலுக்குச் சேனல் சார்புத் திருத்தம் போட்டு, அதாவது ஒரே பக்கம் சாயும் வித்தியாசத்தைக் கழித்து, ஏற்றிவிடுவார்கள். ஐரோப்பிய நடுத்தர முன்னறிவிப்பு மையம், பிரிட்டன், பிரான்ஸ் வானிலை அமைப்புகள் எல்லாம் அப்படித்தான் சாபிரைத் தினசரி முன்னறிவிப்பில் சேர்த்தன.

மூன்றாவது கருவியான ஸ்காராப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூமியிலிருந்து திரும்பும் சூரிய ஒளியையும் வெளியேறும் வெப்பத்தையும் நான்கு சேனலில் 40 கி.மீ. பிக்சலாக அளந்தது, இதன் முந்தைய வடிவங்கள் தொண்ணூறுகளில் ரஷ்யக் கோள்களில் பறந்தவை. மொத்தக் கதிரிலிருந்து சூரியக் கதிரைக் கழித்தால் வருவது வெப்பக் கதிர் என்பதால், இரு சேனல்களின் அளவுத்திருத்தத்தில் சிறு பிசகு வந்தாலும் பகல் மதிப்பு கெடும், இரவு மதிப்பு கெடாது. பகலுக்கும் இரவுக்கும் இடையில் காரணமில்லாத தாவல் தெரிந்தால் முதலில் அங்கே பார்க்க வேண்டும். இத்தாலிய ரோசா, ஜி.பி.எஸ். அலை வளிமண்டலத்தில் வளைவதை அளக்கும் கருவி.

மூன்று ஆண்டு ஆயுளுக்குத் திட்டமிட்ட கோள் 2021 வரை தரவு தந்தது. அப்போதும் தொட்டியில் சுமார் 125 கிலோ எரிபொருள் மிச்சம். நல்ல செய்தி மாதிரி தெரியும், ஆனால் அது தலைவலி. 867 கி.மீ. உயரத்தில் கைவிட்டால் கோள் தானாக விழ நூறு ஆண்டுக்கு மேலாகும். அத்தனை காலமும் எரிபொருளோடு சுற்றும் தொட்டி எப்போது வேண்டுமானாலும் வெடித்துச் சிதறலாம். 25 ஆண்டுக்குள் பாதையைக் காலி செய்ய வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். ஆகவே கட்டுப்படுத்திக் கடலில் இறக்குவது என்று முடிவானது. இந்தக் கோள் அதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல.

2022 ஆகஸ்டிலிருந்து 20 பாதை மாற்றங்களில் சுமார் 120 கிலோ எரிபொருள் செலவானது. பாதையின் தாழ்ந்த முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, வளிமண்டல உராய்வு எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அடுத்த அடியைத் தீர்மானித்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்பும் சர்வதேச விண்வெளி நிலையத்தையும் சீன நிலையத்தையும் நெருங்காது என்று சோதிக்க வேண்டியிருந்தது. ஒரேயடியாக இறக்கிவிட முடியாததற்குக் காரணம் உந்திகள்: தலா 11 நியூட்டன், நான்கு. நான்கும் முழுவேகத்தில் 20 நிமிடம் எரிந்தாலும் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள கோளின் வேகம் வினாடிக்கு ஐம்பது, அறுபது மீட்டர்தான் குறையும். அதற்கு மேல் தொடர்ந்து எரிக்க உந்திகளின் வெப்ப வரம்பு இடம் தராது. 

2023 மார்ச் 7 அன்று இந்திய நேரம் மாலை 4.32க்கு ஒரு எரிப்பு, 6.21க்கு இன்னொன்று, இரண்டும் ஏறக்குறைய 20 நிமிடம். தாழ்முனை 80 கி.மீ.க்குக் கீழே போனது. குறித்த இடம் பசிபிக்கில், தெற்கு 5 முதல் 14 பாகை, மேற்கு 119 முதல் 100 பாகை. ஓய்வு பெறும் விண்கலங்களை வழக்கமாக இறக்கும் நெமோ முனை தெற்கே 48 பாகையில் இருக்கிறது. இந்தக் கோளோ 20 பாகையைத் தாண்டி எங்கும் போகாதது. அதன் பாதைக்கடியில் இருந்தவை தென்னிந்தியா, நைஜீரியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ். ஆளில்லாத பெரிய நீர்ப்பரப்பாகக் கிடைத்தது பசிபிக்கின் இந்தப் பகுதி. கடைசித் தொலையளவீட்டின்படி அங்கேதான் அது வளிமண்டலத்துக்குள் நுழைந்தது.